குடைக்காரியின் கையெழுத்து

அப்பாவின் உடலைக் கூடத்தில் கிடத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மகள் உள்ளறையில் அவருடைய கோப்புகளைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மழை, ரயில், சந்தைக் கூட்டம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் முப்பது வருடம் படம்பிடித்துச் சேர்த்து, சின்னச் சின்னப் படம் எடுப்பவர்களுக்கு அவற்றைப் பயன்படுத்த உரிமம் கொடுத்துவந்தவர் அப்பா. தான் எடுத்த ஒரு துண்டாவது ஒரு படத்தின் கடைசிக் காட்சியாக வர வேண்டும், அதுதான் அவர் ஆசை. இன்றைக்கென்று பார்த்து வந்தது அழைப்பு.

"பாலத்து மேல ஒரு பொண்ணு குடையோட திரும்பிப் பாப்பாங்களே, அதான் எங்க படத்தோட முடிவு. பதினோரு மணிக்குள்ள திரைப்பட விழாவுக்கு அனுப்பணும். அவங்க சம்மதக் கையெழுத்து இருக்கா?" என்றாள் இயக்குநர். அப்பா இறந்த விஷயத்தை மகள் சொன்னதும் பதறிப்போனாள். "ஐயோ, அப்ப வேணாங்க. வேற ஏதாவது போட்டுக்கறோம்."

"வேறயெல்லாம் வேணாம். அதையே போடுங்க!" மகள் கிட்டத்தட்டக் கத்திவிட்டாள்.

பலூன்காரர், போலீஸ்காரர், பல் போன கிழவர் என்று படத்தில் முகம் தெரிந்த அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கியிருந்த மனிதர், குடைக்காரியிடம் மட்டும் வாங்கவில்லை. வீட்டு ஆள்தானே என்று விட்டிருக்கிறார்! குடைக்காரி இப்போது அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மகள் வெற்றுச் சம்மதப் படிவத்தோடு அம்மா பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"இப்பப் போயி கையெழுத்தா? அறிவிருக்கா உனக்கு?" அத்தை சீறினாள்.

"அப்பா எடுத்ததும்மா. கடைசிக் காட்சியா வருது!"

அம்மா நிமிர்ந்தாள். "எங்க, காட்டு."

அப்பாவின் போனில் அந்தத் துண்டு ஓடியது. குடையோடு போன இளம்பெண் திரும்பினாள். "இன்னொரு வாட்டி திரும்பு. நல்லாத்தான் இருக்கே!" என்றது அப்பாவின் குரல். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அத்தையும் எட்டிப் பார்த்தாள்.

அம்மா மூன்று முறை பார்த்தாள். மணி பத்து ஐம்பது. மகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ரெண்டு கட்டம் போட்டிருக்கே, என்னடி?"

"ஒண்ணு படத்துக்கும்மா, இன்னொண்ணு சத்தத்துக்கு. ரெண்டையும் குடுக்கறோமான்னு கேக்கறாங்க."

அம்மா படத்துக்கு நேரே குறியிட்டாள். சத்தத்துக்கு நேரே அழுத்தி ஒரு கோடு கிழித்தாள். நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"ஓடு, அனுப்பு. நேரமாகுதுல்ல?"

படிவத்தைக் கொடுத்தாள். அப்பாவின் போனை மட்டும் கொடுக்கவில்லை.