சுவருக்கு மேலே நின்ற பிராக்கன்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு எஃபி ராங்கின் நீளமாக ஒரு விசில் ஊதினாள். இருநூறு கஜத்துக்கு அப்பால் அவளுடைய ஸ்பேனியல் நாய் பிராக்கன் சட்டென்று நின்றது. முயலைத் துரத்திக் கல்சுவரைத் தாண்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஆகவே அந்தரத்தில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று இரைந்துகொண்டு போயிற்று. அதன் சக்கரத்துக்கு முயல் தப்பவில்லை.

அவள் அந்த ஸ்காட்லாந்து மலையில் வேட்டைக் காவல்காரி. ஆகஸ்டில் காட்டுக்கோழி சுட வருகிறவர்களோடு போக நாய்க்கு விசில் கேட்டதும் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் காலடியில், பிறகு பத்தடியில், ஐம்பதடியில் என்று பழக்கினாள். நின்ற நாயை ஒருபோதும் கூப்பிடமாட்டாள். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் அடுத்த தடவை அரைகுறையாக நின்றுவிட்டு ஓடிவரும். அவளே நடந்துபோய் நெஞ்சில் கைவைத்தால்தான் அதற்கு விடுதலை.

இப்போது கைவைத்தால் பாய்ச்சல் முடிந்து சாலையில் விழும். ஆறு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. லாரிகளை நிறுத்திவைத்தும் பார்த்தார்கள். எஃபி ஏணியில் ஏறினாள், அந்த முயல் கண்முன் வந்தது, கை போகவில்லை. கீழே தபால்காரர் முன்ரோவுக்குப் பொறுமை போய்விட்டது.

"லாரிக்காரனே எறங்கி டீ குடிக்கிறான், இன்னும் என்னம்மா பயம் ஒனக்கு?"

"ஒங்க நாயா இருந்தா தெரியும்" என்று இறங்கிவிட்டாள்.

ஏழு வருடம் போயிற்று. பிராக்கன் சாப்பிடவில்லை, கிழடாகவும் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. குளிர்காலத்தில் தினமும் ஏறி அதன் முதுகுப் பனியைத் தட்டிவிடுவாள்.

ஏழாவது ஜனவரியில் உறைபனியில் ஏணி வழுக்கியது. எஃபி சாலைப்பக்கம் சரிந்தாள். வளைவில் லாரி வந்துவிட்டது. பிராக்கன் நீளமாக ஒரு தடவை குரைத்தது.

எஃபி அந்தரத்தில் நின்றாள். லாரி அவள் காலுக்குக் கீழே போயிற்று. தபால் கொடுக்க வந்த முன்ரோவின் கையிலிருந்த கடிதமெல்லாம் சிதறிவிட்டது.

"ஐயோ எஃபி! கையக் குடு, எட்டிப் புடிக்கிறேன்!"

காது கேட்டது, விரல்கூட அசையவில்லை. பார்வை பிராக்கன் முகத்தைவிட்டு நகரவில்லை. இத்தனை வருடம் அது எப்படி நின்றது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிராக்கன் நடுங்கியது. யாரும் கைவைக்காமல் நகரக்கூடாது என்பது பாடம். பாடத்தை மீறிக் சாலைப்பக்கமாகச் சுற்றிக் காற்றில் இரண்டடி நடந்து வந்து, மூக்கை அவள் நெஞ்சில் வைத்துத் தள்ளியது. இருவரும் புல்வெளிப்பக்கம் பொத்தென்று விழுந்தார்கள்.

"எவன்டா ஒன்ன நகரச் சொன்னது?" அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "மானங்கெட்ட பயலே, எவன்டா சொன்னது?"

முன்ரோ கடிதங்களைப் பொறுக்கி, அவளுக்கு வந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஆகஸ்டில் பிராக்கன் காட்டுக்கோழி வேட்டைக்குப் போயிற்று, விசிலுக்கு நின்றது. அது நீளமாகக் குரைத்தால் எஃபியும் நின்றாள். கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தாலும், அது வந்து மூக்கால் தொடும்வரை.