வில்லனுக்கு அண்ணன் முகம்

கதவை யாரோ லத்தியால் தட்டினார்கள். விரலால் தட்டும் சத்தம் வேறு, லத்தியின் சத்தம் வேறு. மாடி அறையில் பள்ளிச் சுவர் யானைக்குச் சாம்பல் நிறம் கலந்துகொண்டிருந்தவள் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

பயந்து ஓடவில்லை. மாதம் ஒரு முறையாவது அந்த லத்தி அவளைத் தேடி வரும். திருட்டையோ அடிதடியையோ நேரில் பார்த்தவர்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்து அடையாளம் சொல்லச் சொல்ல, அவள் முகம் வரைந்து கொடுப்பாள். வழக்கமாக வரும் கான்ஸ்டபிள், "ஆர்ட்டிஸ்ட் மேடம், பென்சிலைச் சீவியாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார்.

இன்று அவர் வாசலிலேயே நின்றார். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"உங்க அண்ணன் இருக்காரா மேடம்?"

"அண்ணனா? என்னைத்தானே கூப்பிட வந்தீங்க?"

கான்ஸ்டபிள் அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து விரித்தார். மூன்று நாளைக்கு முன்னால் அவளே வரைந்து கொடுத்த படம். கறுத்துப் போன நகலிலும் அந்தப் புருவமும் வளைந்த மூக்கும் அவளை நேராகப் பார்த்தன.

அதற்குள் அண்ணன் சாப்பிட்ட கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்துவிட்டான். தாளைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான்.

"கிறுக்கி, இது நீ வரைஞ்சதா?"

சின்ன வயதிலிருந்து அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். அவளால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு போய்விட்டான்.

அண்ணி சமையலறையிலிருந்து வந்தபோது வாசலில் ஜீப்பின் புகைதான் இருந்தது.

விஷயம் இதுதான். மூன்று நாளைக்கு முன்னால், காலை ஆறு மணிக்குப் பேப்பர் வாங்கப் போன ஒரு பெரியவரை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. ஓட்டியவன் இறங்கி வந்தான், குனிந்து பார்த்தான், மறுபடி ஏறிப் போய்விட்டான். பெரியவர் இன்னும் கண் திறக்கவில்லை. எதிரே தையல் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்திதான் அந்த முகத்தைப் பார்த்தவள். அண்ணனும் வேன்தான் ஓட்டுகிறான், ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு.

"உன் அண்ணன் எறும்பைக்கூட நசுக்க மாட்டாரு. மூணு நாளா வண்டியே எடுக்கலை, பிரேக் சரியில்லைன்னு ஷெட்ல நிக்குது," என்றாள் அண்ணி. "ஊருக்கெல்லாம் வரைஞ்சு வரைஞ்சு கடைசியில வீட்டுக்குள்ளேயே குழி வெட்டிட்டியே!"

அவள் மாடிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒரே வேலையை நம்பியிருக்கக் கூடாது என்பது அவள் கலைக்குள் நுழைந்த முதல் வருடமே கற்றுக்கொண்டது. அப்போது வேலை கொடுத்த ஒரே பத்திரிகை ஒரு திங்கள்கிழமை மூடப்பட்டது. அதற்குப் பிறகு அவள் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. வார இதழில் தொடர்கதைக்குப் படம். நாடகக் குழுவுக்குப் பின்திரை. மழலைப் பள்ளிச் சுவரில் யானை, முயல். சனிக்கிழமை வகுப்பு. அப்புறம் இந்தப் போலீஸ் வேலை. அஞ்சு அடுப்பு வைத்தால் ஏதாவது ஒன்று எரியும் என்பாள் தோழிகளிடம். ஒன்றின் தீ இன்னொன்றில் பற்றும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மாடல் வைக்க வசதி ஏது? வீட்டு ஆட்கள்தான். வார இதழின் நகை விளம்பரத்துக்கு அண்ணியின் கை. பள்ளிச் சுவரில் முயலோடு ஓடும் குழந்தை அண்ணன் மகள். தொடர்கதை வில்லனுக்கு அண்ணன் முகம்.

"பத்து வருஷமா கடத்துறேன், கத்தியால குத்துறேன். ஒரு வாரமாவது ஹீரோ வேஷம் குடுடி."

"ஹீரோவுக்கு மூக்கு நேரா இருக்கணும்ணா."

சொல்லிச் சொல்லிச் சிரித்த பேச்சு. ஆனால் அந்த முகம் அவள் விரலில் ஊறிப்போயிருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவாள். ஸ்டேஷனில் உட்கார்ந்து வரைந்த அன்றைக்குப் பள்ளிச் சுவர் காய்வதற்குள் திரும்ப வேண்டும் என்ற அவசரம். தையல் கடைப் பெண், "முரட்டு மூஞ்சிங்க, அடர்த்தியான புருவம்," என்றதுமே கை தானாக ஓடியிருக்கிறது. கேட்டு வரையவில்லை, பழக்கத்தில் வரைந்துவிட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நடுவில் அந்தப் பெண் ஏதோ மறுத்துச் சொன்னாள். ரப்பரால் ஒரு இடத்தை அழித்துத் திரும்ப வரைந்த ஞாபகம். எந்த இடம்? அவள் மேற்கொண்டு யோசிக்கவில்லை. எழுந்து பழைய இதழ்களை அள்ளத் தொடங்கினாள்.

படியில் அண்ணி காத்திருந்தாள். "உன் கையால போனவரு. உன் வாயாலதான் திரும்பி வரணும்."

ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம்தான். ஆனால் மின்கம்பத்தில், மருந்துக்கடைச் சுவரில், பஸ் நிறுத்தத்தில், எங்கும் காலையில்தான் ஒட்டிய அதே தாள். அவள் போட்ட கோடுகள் அவளையே பின்தொடர்ந்தன. ஒரு தாளின் முன்னால் இரண்டு பேர் நின்று, "இவனைப் பார்த்தாலே தெரியலை?" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் இதழ்க் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தாள். போன் அடித்தது. வார இதழ் ஆசிரியர்.

"என்னம்மா, படம் இன்னும் வரலையே? இந்த வாரம்தான் வில்லன் மாட்டிக்கிறான்."

"சாயங்காலம் தரேன் சார்," என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

இன்ஸ்பெக்டரின் அறைக்கும் உள் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் பெஞ்சில் அண்ணன் இருந்தான். இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தான். பதற்றம் வந்தால் அவன் அப்படித்தான். அந்தக் காதின் கீழ் நுனி கொஞ்சம் கிடையாது. அவளுடைய ஏழு வயதில் ஒரு சண்டையில் அவள் வீசிய சிலேட்டின் தகர விளிம்பு பட்டு அறுந்து போனது. ரத்தம் சட்டையெல்லாம் வழிய, அப்பா பெல்ட்டோடு வந்து கேட்டபோது பத்து வயது அண்ணன், "கீழ விழுந்துட்டேன்ப்பா," என்றான். இன்றுவரை அதை மாற்றிச் சொன்னதில்லை.

அவள் இதழ்களை மேஜையில் பரப்பினாள். படபடவென்று பேசினாள்.

"சார், தப்பு என்னுதுதான். பாருங்க, இது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. இது போன வருஷம். எல்லாம் ஒரே முகம். எங்க அண்ணன் முகம். கைப் பழக்கத்துல அதையே போட்டுட்டேன். அந்தப் பொண்ணு யாரைப் பார்த்துச்சோ தெரியாது. இந்தப் படத்தை வச்சு அவரை நிறுத்தாதீங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். துப்பாக்கியோடு அண்ணன், தாடி வைத்த அண்ணன், மழையில் ஓடும் அண்ணன்.

"அடேங்கப்பா. சந்தேகமே இல்லை, அதே ஆளுதான்," என்றார். பெருமூச்சு விட்டார். "இதனால உங்களுக்கு என்ன ஆகும் தெரியுமா? இதுவரைக்கும் நீங்க வரைஞ்ச பதினோரு படத்தையும் மறுபடி பார்க்கணும். இனிமே இந்தப் பக்கம் உங்களைக் கூப்பிட முடியாது. விஷயம் வெளிய போனா மத்த வேலைக்கும் யார் கூப்பிடுவாங்க?"

"பரவாயில்லை சார்."

உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் தோன்றியது. ஐந்து அடுப்பும் அணையட்டும். அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் போதும்.

இன்ஸ்பெக்டர் டிராயரிலிருந்து மூலப்படத்தை எடுத்து இதழ்களின் பக்கத்தில் வைத்தார். ஜெராக்ஸில் கறுத்துப்போயிருந்த இடங்கள் இதில் தெளிவாக இருந்தன. ரப்பர் தேய்த்த தடமும் தெரிந்தது. அவருடைய விரல் புருவத்தில் இறங்கி, மூக்கைத் தாண்டி, ஒரு பக்கமாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

அவளும் குனிந்து பார்த்தாள்.

"மேடம், கதைப் படத்துல எல்லாம் காது முழுசா இருக்கு. ஒண்ணு விடாம. இதுல மட்டும் இடது காதுல கீழ கொஞ்சம் இல்லை." அவர் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "உங்க அண்ணன் காதுங்கறதால இதுவும் தானா வந்துடுச்சா? நீங்க சொல்றதுதான். அந்தப் பொண்ணு இப்ப படத்தைப் பார்த்துத்தான் சொல்லுது, வரைஞ்சப்ப நடந்தது உங்களுக்குத்தான் தெரியும்."

பத்து வருடமாக எத்தனை வில்லன்கள்! அத்தனை பேருக்கும் அவள் காதை மட்டும் முழுசாக வரைந்து கொடுத்தாள். யாரும் கவனித்ததில்லை. சிலேட்டு வீசிய கை அண்ணனிடம் கேட்ட மன்னிப்பு அது. மூன்று நாளைக்கு முன்னாலும் கை அப்படித்தான் வரைந்தது. "இல்லைங்க, அந்தக் காது அப்படி இல்லை," என்றாள் தையல் கடைப் பெண். அப்போதே அவளுக்கு அண்ணன் காது ஒருமுறை ஞாபகம் வந்தது. ரப்பர் தூளோடு சேர்த்து அதையும் ஊதித் தள்ளிவிட்டாள்.

'ஆமாம் சார்' என்றால் முடிந்தது. ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பக்கம் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அப்பாவின் முன்னால் அவன் சொன்ன பொய்யை, இன்று அவள் திருப்பிக் கொடுத்தால் போதும். எங்கோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேப்பர் வாங்கப் போன ஒருவர் கண் திறக்காமல் கிடந்தார்.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சார்... நான் எங்க அண்ணன் காதை ஒரு நாளும் அப்படி வரைஞ்சதில்லை, அது அந்தப் பொண்ணு பார்த்துச் சொன்னது."