உட்கார்ந்து பார்க்காத மார்க்

மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் உட்காரு மேடம். வடிவமைப்புக் கல்லூரியில் ஸ்டூல் செய்யக் கற்றுக்கொடுப்பவர். யார் எதைச் செய்து கொண்டுவந்தாலும் தொப்பென்று அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். தாங்கினால் பாஸ். ஆடினால் இழைப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போக வேண்டியதுதான். பரீட்சை என்றால் அவருக்கு அவ்வளவுதான்.

இப்போது ஊரடங்கு என்று கல்லூரியைப் பூட்டிவிட்டு வகுப்பைக் கணினித் திரைக்குள் அடைத்துவிட்டார்கள். துறைத்தலைவர் புது விதி போட்டார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஸ்டூலை வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், படத்தைப் பார்த்தே மார்க். ஸ்டூல் என்ன சுவரில் மாட்டுகிற சாமானா என்று மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்பாரில்லை.

அந்த விதியில் வசமாக மாட்டியவள் ஒரு மாணவி. உடைந்த கட்டில் பலகையில் அவள் செய்த ஸ்டூல், படத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கால்கள் ஒரே நீளமில்லை. இதில் ஃபெயிலானால் வருடம் முழுவதையும் அவள் மறுபடி படிக்க வேண்டும். மேடம் வீடியோ கால் போட்டு, கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று காய்ச்சி எடுத்தார். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு அவள் மெல்ல வாய் திறந்தாள்.

"அது ஹாலுக்குச் செஞ்சது இல்ல மேடம். வெள்ளைச் சுவரு அங்கதான் இருக்கு, அதான் அங்க வெச்சு எடுத்தேன்."

போனை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய்க் காட்டினாள். குழாயடியில், தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் பூசிய தரை. குனிந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும் அவள் அம்மா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் இம்மிகூட அசையவில்லை. உட்காராமலே தீர்ப்புச் சொல்லிவிட்டோமே என்று மேடத்துக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் ஆன்லைனில் மதிப்பெண் கூட்டம். மாணவர்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது, எல்லோரையும் மியூட்டில் வையுங்கள் என்று துறைத்தலைவர் அந்த வேலையையும் மேடத்தின் தலையிலேயே கட்டியிருந்தார். சரிவுத் தரையைப் பற்றி மேடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். துறைத்தலைவர் காதில் ஏறவில்லை.

"படத்துல கோணலா இருக்கு மேடம். கோணல்னா ஃபெயில்தான்."

சொல்லும்போதே அவர் முகம் திரையில் இடப்பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. கூட்டம் தொடங்கியதிலிருந்தே இந்தக் கூத்துதான். எல்லோரும் கவனித்திருந்தார்கள், சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மேடத்துக்கு வந்தது.

"சார், உங்க நாற்காலி படத்துல ரொம்ப அழகா இருக்கு. ஆனா ஆடுது."

அவர் சட்டென்று குனிந்து நாற்காலியின் காலைப் பார்த்தார். திரையில் நாற்காலியின் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் நிமிர்வதற்குள் மேடம் மாணவியின் மியூட்டை எடுத்துவிட்டார்.

"அம்மாவைக் கூப்பிடும்மா. இவங்க எல்லாரும் பார்க்கட்டும், அவங்க உட்காரட்டும்."