பல்லுக் காசு

மாகிரட்டின் வலத் தோள் காலையிலிருந்து நெருப்பாய் எரிந்தது. கோழித் தொழிற்சாலையில் வருடக்கணக்காய்த் தொடை எலும்பு உருவிய தோள். தம்பியின் கையைத் தூக்கிச் சட்டைக்குள் விடும்போது அந்த எரிவு பிடரிவரை ஏறியது. செத்தவனின் கை இவ்வளவு பாரமாயிருக்கும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை.

"அங்காலை நிண்டு கொஞ்சம் இழும்," என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற இவோன், செத்த தம்பி கிளைவின் மனைவி, முதுகுப் பக்கமாய்ச் சட்டையை எடுத்து ஒரே இழுவையில் மற்றக் கைக்குள் ஏற்றினாள். ஹென்டர்சனில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். படுத்த உடம்புக்கு உடுப்புப் போடுவது அவளுக்கு அன்றாட வேலை. அழாமல், பெருமூச்சுக்கூட விடாமல் அவள் பொத்தான் பூட்டுவதை மாகிரட் ஓரக்கண்ணால் பார்த்தாள். புருசன் செத்த மனுசி இப்படியா நிற்பாள்?

பிரேதத்தை ஒழுங்குபண்ணுகிற மலர்ச்சாலையின் பின்னறை பழப் பெட்டி வைக்கிற குளிர் அறை மாதிரி இருந்தது. மாகிரட்டின் புருசன் செபஸ்ரியன் டையைத் தன் கழுத்தில் போட்டு முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றான். எங்களுடைய ஆட்களை நாங்கள்தான் உடுத்தி அனுப்புவது என்று மாகிரட் பிடிவாதமாய்க் கேட்டு வாங்கிய ஒரு மணித்தியாலம் இது. அவளுக்கு உடுத்துவதைவிட வேறொரு காரியம் இருந்தது. கிளைவ் பொய் சொன்னானா, மெய் சொன்னானா என்று அவள் இன்றைக்கே அறிய வேண்டும். சவப்பெட்டி மூடினால் மூடினதுதான்.

மூன்று மாதத்துக்கு முன் கிளைவ் சிறையிலிருந்து அவளுக்குப் போன் எடுத்திருந்தான்.

"அக்கா, கடைவாய்ப் பல்லொண்டு உயிரை எடுக்குது. உள்ளுக்க புடுங்கிறதெண்டாச் சும்மா. பல்லை வச்சிருக்கிறதெண்டா நாங்கள்தான் கட்டோணுமாம். எண்ணூறு டொலர்."

"புடுங்கி எறியன்ரா."

"மற்றப் பக்கம் சப்ப ஒண்டுமில்லை அக்கா. இதுவும் போனா நான் எதாலை தின்னுறது?"

"உனக்குப் பல்லு வலிக்குதோ, கை அரிக்குதோ?"

மனுகாவில் வேலை செய்த களஞ்சியத்திலிருந்து போன்களைக் கடத்தி விற்று, அந்தக் காசை ஒரு சதம் மிச்சமில்லாமல் சூதாட்ட மெசினுக்குள் கொட்டிவிட்டு உள்ளே போனவன் அவன். அம்மாவின் கண் ஒப்பரேசன், காரின் கியர்பெட்டி, வக்கீல் கூலி என்று முன்பும் கேட்டவன்தான்.

"சத்தியமா அக்கா."

"உன்ர சத்தியத்தை நான் மூண்டு தரம் காசு குடுத்து வாங்கியிட்டன்ரா."

கிளைவ் சிரித்தான். சிரிப்பின் நடுவில் ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தான். நல்லாய் நடிக்கிறான் என்று அவள் நினைத்தாள். "சரி, விடுங்கோ. நான் பாக்கிறன்," என்று வைத்துவிட்டான்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த செபஸ்ரியன் நிமிராமல் சொன்னான்: "உள்ளுக்க சாப்பாடு, படுக்கை, டொக்டர் எல்லாம் எங்கட டக்ஸ் காசில நடக்குது. பிறகென்னத்துக்கு எண்ணூறு?"

அவள் அனுப்பவில்லை.

அடுத்த கிழமையே சரோஜாதேவி வீட்டுச் சீட்டில் இவோன் அந்த மாதத்தை எடுத்தாள். நாலாயிரம் டொலர்ச் சீட்டை அறுநூறு கழிவு விட்டு எடுத்தாளாம். கழுத்துக்குக் கத்தி வந்தவர்கள்தான் முதல் மாதத்திலேயே அவ்வளவு கழிவு விடுவார்கள். அதே சீட்டில் இருந்த மாகிரட்டுக்கு அன்றைக்கே விளங்கியது. புருசன் உள்ளேயிருந்து ஒரு பக்கம் கறக்கப் பார்க்கிறான், பெண்சாதி வெளியே இன்னொரு பக்கம் கறக்கிறாள். இரண்டு பேருக்கும் என்னவோ பெரிய திட்டம் இருக்கிறது.

பிறகு போன செவ்வாய்க்கிழமை கிளைவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அடுத்த நாள் முடிந்துவிட்டது. இரத்தத்தில் கிருமி ஏறியது என்றார்கள். எங்கேயிருந்து ஏறியது என்பதை மரண விசாரணை முடியத்தான் சொல்வார்களாம். அதற்கு மாதக்கணக்காகுமாம்.

"கொலர் பெருத்துப்போச்சு," என்றான் செபஸ்ரியன், டையைக் கொண்டுவந்து. "இரண்டு விரல் உள்ளுக்குப் போகுது. ஆள் நல்லா மெலிஞ்சிட்டான்."

"சப்பிச் சாப்பிட்டாத்தானே," என்றாள் இவோன்.

மாகிரட் நிமிர்ந்து பார்த்தாள். அதைக் குத்திச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று பிடிபடவில்லை. இவோன் குனிந்து காலுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த இடைவெளியில் மாகிரட் தம்பியின் உதட்டில் விரல் வைத்தாள். உதடு அசையவில்லை. உள்ளே தைத்திருந்தார்கள். கையைக் கீழே இறக்கி இடப்பக்கத் தாடையின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டு போனாள். எலும்பு நேராய் வந்தது. காதுக்குக் கீழே வந்ததும் விரல் மேட்டில் ஏறியது. ஒரு முதிரைக் கட்டைத் துண்டு மாதிரிக் கடினமாய், தோலுக்கடியில் அசையாமல் இருந்தது. திரும்பவும் தடவினாள். வலப்பக்கம் தடவினாள். அங்கே ஒன்றுமில்லை.

துவாய் கொண்டுவந்த மலர்ச்சாலைப் பெண் பதறிப்போய், "ப்ளீஸ், முகத்தில கை வைக்காதீங்க, பூச்சு கலைஞ்சிடும்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மாகிரட்டின் பெருவிரலில் தோல் நிறத்தில் பசை ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்தாள்.

"என்ன மச்சாள் தேடுறியள்?" என்றாள் இவோன்.

"ஒண்டுமில்லை."

"பல்லையோ?"

மலர்ச்சாலைப் பெண் வெளியே போனதும் மாகிரட்டுக்கு ஆத்திரம் வந்தது. தோளும் எரிந்தது.

"ஓம், பல்லைத்தான். நீர் சீட்டெடுத்தனீர்தானே? அவ்வளவு கழிவு விட்டு எடுத்த காசு எங்கை? அதில ஒரு எண்ணூறை இவனுக்குக் கட்டியிருக்கலாம்தானே?"

செபஸ்ரியன், "மாகிரட், இப்ப அது," என்று தொடங்கி நிறுத்தினான்.

இவோன் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"இவரின்ர பல்லுக்கும் வாடகைக்கும் எண்டுதான் எடுத்தனான். வீட்டுக்காரன் நோட்டீஸ் தந்திட்டான். காசு கைக்கு வந்த அண்டைக்கு இவர் போன் எடுத்துச் சொன்னவர், பல்லுக்கு அனுப்பாதை, அக்கா முழுக்கக் கட்டியிட்டா, நாளும் குறிச்சாச்சு எண்டு. அப்ப நான் எல்லாத்தையும் வாடகைக்குக் குடுத்திட்டன்."

அறையின் மூலையில் குளிரூட்டி கடகடத்தது.

மாகிரட் முதலில் புருசனைப் பார்த்தாள். இந்த மனுசன் எனக்கு ஒளிச்சுக் கட்டியிட்டுதோ? செபஸ்ரியன் டையின் நுனியைப் பிடித்தபடி மெதுவாய்த் தலையை ஆட்டினான். இல்லை. வேறு யார்? கோயில் ஆட்களுக்குக் கிளைவ் பேர்த் நகரத்தில் வேலை செய்கிறான் என்றல்லவா சொல்லி வைத்திருந்தது. கட்ட ஒருவரும் இல்லை. அவள் பார்வை மேசைக்கு இறங்கியது. கிளைவ் பூச்சுக் கலைந்த தாடையோடு கூரையைப் பார்த்துக் கிடந்தான்.

"அவனோ சொன்னவன்?"

"ஓம். எத்தினை தரம் கேட்டனான், பல்லுக் கட்டியாச்சோ எண்டு. கட்டியாச்சு, சுகமாயிருக்கு எண்டவர். பாக்கப் போன நேரமும் வாயைப் பொத்திக்கொண்டுதான் கதைச்சவர். நான் வெக்கமாக்கும் எண்டு நினைச்சன்." இவோன் சப்பாத்தை மாட்டி நாடாவை இறுக்கினாள். பிறகு கேட்டாள்: "ஏன் மச்சாள்? நீங்கள் கட்டினனீங்கள்தானே?"

செபஸ்ரியனின் கை டையிலேயே நின்றது.

மாகிரட் சட்டையின் கொலரை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினாள். நேராய்த்தான் இருந்தது. மறுபடியும் நேராக்கினாள்.

"டையைக் கட்டுங்கோ," என்றாள் புருசனிடம். "பாதர் வந்திடுவார்."

இவோன் அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஈரத் துவாயால் கிளைவின் விரல்களை ஒவ்வொன்றாய்த் துடைத்தாள். அப்போதுதான் அவளுக்கு மூக்கு வடிந்தது. அதைப் புறங்கையால் தேய்த்துவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தாள்.

உடுத்தி முடித்து வெளியே வந்தபோது ஹென்டர்சன் ரயில் கடந்து போகிற சத்தம் கேட்டது. மழை தூறியது. செபஸ்ரியன் கார்ச் சாவியை எடுத்து, "மாகிரட், நீர் அவளிட்டை ஒருக்கா..." என்றான்.

"நீங்கள் காரை எடுங்கோ."

அவன் தலையைக் குனிந்துகொண்டு மழைக்குள் நடந்தான். இவோன் பின்னால் வந்தாள். வேலைச் சீருடையின் மேல் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாள். பொழுதுபட வேலைக்குப் போகவேண்டுமாக்கும். கோட்டுப் பையிலிருந்து ஒரு ஐம்பது டொலர் நோட்டை எடுத்து மாகிரட்டின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்ப இவ்வளவும்தான் இருக்கு. ஆத்திரத்தில கேட்டாலும் நீங்கள் கேட்டதில பிழையில்லை. நீங்கள் பல்லுக்குக் கட்டினதை இவர் இருந்தா தானே திருப்பித் தந்திருப்பார். இனி அது என்ர கடன்."

மாகிரட்டின் விரல்கள் விரிந்தே இருந்தன. நோட்டில் தூறல் விழுந்து முத்து முத்தாய் நின்றது. அந்தப் பக்கத்தில் செபஸ்ரியன் காரை ஸ்டார்ட் பண்ணினான். வைப்பர் ஒரு தரம் ஓடி நின்றது.

அவள் விரல்களை மூடினாள்.

"இன்னும் எழுநூற்றைம்பது டொலர் தரவேண்டியிருக்கு, மச்சாள்," என்றாள் இவோன்.