சிவப்பு எது, பச்சை எது

…சிவப்பு என்றால் புதிதாகச் சேர்த்த குழாய், பச்சை என்றால் பிடுங்கி எறிந்த குழாய், வரைபடத்தின் மூலையில் எவரோ ஒரு பொறியாளர் அழகாக எழுதித்தான் வைத்திருக்கிறார், ஆனால் என் முன்னால் கிடக்கும் தாளில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, எல்லாம் ஒரே கறுப்பு, பம்புக்குள் நுழையும் இரண்டு குழாய்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன, இதில் எது இருக்கிறது, எது இல்லை? காலையில் இதே தாளின் பிரதியைத்தான் என் தம்பியின் பழுதுபார்க்கும் குழு இந்த ஆவண அறையிலிருந்து வாங்கிப் போனது, நானேதான் எடுத்துக் கொடுத்தேன், இரண்டு மணிக்கு அந்த பம்பைத் திறக்கப் போகிறார்கள், இப்போது ஒன்றரை. இடது வால்வை மூடிவிட்டுத் திறக்கச் சொல்லி வேலை உத்தரவில் எழுதியிருக்கிறார்கள், எதை வைத்து எழுதினார்களோ, வலது குழாய்தான் உயிரோடு இருப்பது என்றால்? அணு உலையைச் சுற்றி வரும் தண்ணீர் அது, கொதிப்பது மட்டுமா அதன் குற்றம்… முதல் ஆளாக ஸ்பானர் பிடிப்பவன் என் தம்பி.

எட்டு வருடத்துக்கு முன்னால் பழைய வரைபடங்களைக் கணினியில் ஏற்றியவள் நான்தான், கலரில் ஏற்றினால் இடம் அடைக்கும் என்றார்கள், கறுப்பு வெள்ளையில் ஏற்றினேன், மூலத்தாள்களை இயந்திரத்தில் கொடுத்து அரைத்தாயிற்று. எய்தவன் இருக்க அம்பை நோவானேன், ஸ்கேனரைத் திட்டி என்ன பயன், ஆனால் எய்தவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேனே… ஒவ்வொரு தாளிலும் ‘மூலத்துடன் ஒப்பிட்டேன்’ என்று முத்திரை, கீழே என் இனிஷியல். ஒரு நாளைக்கு முந்நூறு தாள், எந்த மகராசி உட்கார்ந்து ஒப்பிடுவாள், காலையிலேயே மூலத்தாள்களில் மொத்தமாகக் குத்திவிட்டுத்தான் ஸ்கேனரில் வைப்பேன். ஒப்பிட்ட பிறகு குத்தியிருந்தால் அந்த முத்திரை ஸ்கேனுக்குள் எப்படி வரும் என்று இத்தனை வருடத்தில் ஒருவராவது கேட்டாரா?

மேலாளரிடம் ஓடினேன், நிறம் போன கதையைச் சொன்னேன், ரெண்டு வால்வையும் மூடச் சொல்லுங்க சார் என்றேன். “மூடினா பக்கத்து பம்பும் நின்னுடும்மா, யார் பதில் சொல்றது? நீங்க ஒப்பிட்டுத்தானே ஏத்துனீங்க?” ஆமா சார். “அப்புறம் என்ன? சந்தேகம்னா படிவம் போடுங்க, பதினாலு நாள்ல பதில் வரும்.” பதினாலு நாள்! அரை மணியில் திறக்கிற பம்புக்கு… உடை மாற்றும் அறைக்கு இன்டர்காமில் கூப்பிட்டேன், தம்பியே எடுத்தான், அவனிடமும் நிறம் போன கதையைச் சொன்னேன். “காகிதம் தும்மினா உனக்குக் காய்ச்சல் வந்துடுமேக்கா,” என்று சிரித்தான். நிறுத்துடா என்றேன். “நான் எப்படிக்கா நிறுத்துறது, எழுத்துல வரணும். உன் இனிஷியல் இருக்கு, எனக்கு அது போதும். சாயங்காலம் அம்மாவை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், மறந்துடாத.” அந்த இனிஷியலைத்தான்டா நம்பாதே என்று சொல்ல வாய் வரை வந்தது, அக்கா போட்டது பொய்க் கையெழுத்து என்று தம்பியிடம் எந்த முகத்தோடு சொல்வது, அதற்குள் வைத்துவிட்டான்.

இரண்டாக ஐந்து நிமிடம். இனி அவனைப் பிடிக்க முடியாது, உள்ளே போன் கிடையாது. கண்ணை மூடி யோசிக்கிறேன், அந்தத் தாளை இந்தக் கைகளால்தானே ஸ்கேனரில் வைத்தேன், சிவப்பு இடது பக்கமா, வலது பக்கமா… சிவப்பு இருந்தது, அது நிச்சயம், எந்தப் பக்கம் என்றுதான் வரமாட்டேன் என்கிறது. மேலாளர் என்ன கேட்டார்? ஒப்பிட்டுத்தானே ஏற்றினீர்கள் என்றார். இல்லை என்று ஒரு சொல், அவ்வளவுதான், ஒப்பிடாத வரைபடத்தை வைத்து ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது என்பது விதி, அவரே பதறிப்போய் நிறுத்தியிருப்பார். நான் ஆமாம் என்றேன். யோசித்துச் சொன்னதுகூட இல்லை, எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன ஆமாம்… அவர் எண்ணை மறுபடி அழுத்துகிறேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கட்டும், எடுத்தால் சொல்லிவிடுவேன், சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்…