கதவு திறந்தால் பாடுபவள்

கோணி ஊசி எங்கே என்று என் கணவர் டோலோத் கேட்டார். ஜன்னல் விளிம்பில் என்றேன். அறுந்துபோன சேண வாரைத் தைக்க வெளியே போனார். தேநீர் ஆறுவதற்குள் லாயத்தருகே விழுந்து கிடந்தார். மாரடைப்பு.

முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். எங்கள் கிர்கிஸ் வழக்கப்படி, வாசலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஆள் வரும்போதெல்லாம் ஒப்பாரி பாடினேன்; வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுததும் நிறுத்தினேன். நாற்பது நாள் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். மனநல மருத்துவமனையின் பெண்கள் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகச் செவிலி நான்.

எட்டாம் கட்டிலில் புதிதாக ஒருத்தி இருந்தாள். பெயர் புர்மகான். கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சுவரோடு பேசுகிறாள், இறந்தவனைக் கூப்பிடுகிறாள் என்று கொழுந்தன் கொண்டுவந்து விட்டிருந்தான். டாக்டர் எர்கின்பெக் தலைநகர் பிஷ்கேக்கில் வளர்ந்தவர், கிராமத்து வழக்கம் பழக்கமில்லாதவர். 'மனச்சிதைவு, குரல்கள் கேட்கின்றன' என்று எழுதியிருந்தார். வியாழக்கிழமை மருத்துவக் குழு அதை ஏற்றுக்கொண்டால், அவளுடைய பதினொரு மாத மகள் கொழுந்தன் வீட்டோடு போய்விடுவாள்.

மாத்திரையோடு நான் கதவைத் திறந்ததும் சுவரைப் பார்த்து ஒப்பாரி பாடினாள். பாடி ஓய்ந்ததும் கேட்டேன்.

"உன் வீட்டுக்காரர் பதில் சொல்றாரா?"

"செத்தவன் எப்படிக்கா பதில் சொல்வான்? இங்க வேலை பாக்கறவங்களுக்குமா பைத்தியம்?"

டோலோத் போனபிறகு அன்றுதான் சிரித்தேன்.

"வருஷம் ஆச்சே. இப்ப ஏன் பாடுற?"

"எனக்குச் சொன்னதே மூணு வாரத்துக்கு முன்னாடிதான். வயித்துல பிள்ளை, அப்புறம் பால்குடின்னு மறைச்சுட்டாங்க. பெரியவங்க எல்லாம் கூடி உக்காந்து சொன்னாங்க. வருஷம் தாண்டிடுச்சாம், கூடாரம் கூடப் போடல. எனக்கு மட்டும் நாப்பது நாள் கிடையாதா?"

சாவுச் சேதியை மறைத்துவைத்து, ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சொல்வது எங்களிடம் தப்பே இல்லை. ஆனால் எல்லோரும் அவன் செத்த நாளிலிருந்து எண்ணினார்கள். இவள் கேட்ட நாளிலிருந்து எண்ணினாள்.

இரண்டு நாள் கவனித்து, கோப்பில் எழுதினேன். குரல் கேட்பவர்கள் நடுவில் நிறுத்திக் காது கொடுப்பார்கள். கண் அந்தப் பக்கம் ஓடும். இவள் ஒருமுறையும் நிறுத்தவில்லை. கதவு பதினேழு முறை திறந்தது, பதினேழு முறையும் பாடினாள். மூடியிருந்தபோது சாப்பிட்டாள், தூங்கினாள், பக்கத்துக் கட்டில்காரிக்குப் பின்னல் போட்டுவிட்டாள்.

"நோய் என்னன்னு சொல்றது செவிலி வேலை இல்லக்கா" என்றார் எர்கின்பெக். "மாத்திரை கொடுத்த நேரத்த மட்டும் எழுதுங்க."

"நான் பாத்தத எழுதினேன் டாக்டர். நீங்க கதவத் திறந்துட்டுத்தானே பாக்கறீங்க? ஒருநாள் திறக்காம கண்ணாடி வழியா பாருங்க."

"உங்க துக்கமே இன்னும் ஆறல. அதான் அவ பக்கம் சாயறீங்க."

"ஆறலதான். நாப்பது நாள் நானும் சுவரப் பாத்துப் பாடினேன். ஒன்பதாம் கட்டில் காலியாத்தான் இருக்கு, என்னையும் போடுங்க."

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிடுங்க."

"நான் கிழிக்க மாட்டேன். வேணும்னா நீங்க கிழிங்க."

அவர் கிழிக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள், தலைமை மருத்துவர் ஜூரா முன்னால். கதவு திறந்தது. புர்மகான் சுவர்ப் பக்கம் திரும்பிப் பாட ஆரம்பித்தாள். பார்த்தீர்களா என்பதுபோல் எர்கின்பெக் கையை விரித்தார்.

நான் அவர்களைத் தாண்டி உள்ளே போனேன். துக்கத்துக்கு வருகிறவள் அழுவதுபோல் வாய்விட்டு அழுதுகொண்டே அவள் தோளைக் கட்டிக்கொண்டேன். அவள் கணவனுக்காக அழப்போன என் வாயில் டோலோத்தின் பெயர்தான் வந்தது. புர்மகான் பாட்டை முடித்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, விருந்தாளிங்க நிக்கறாங்களே, டீ எதுவும் இல்லையா?"

கோப்பில் நான் எழுதியிருந்ததை ஜூரா இரண்டு முறை படித்தார்.

"எர்கின்பெக், நாள எங்கேருந்து எண்ணினீங்க?"

அவர் கோப்பில் கணவன் இறந்த தேதியைக் காட்டினார். மனச்சிதைவு என்பதை ஜூரா அடித்துவிட்டுத் துக்கம் என்று எழுதினார். புர்மகான் மகளிடம் போய், மிச்ச நாட்களை வீட்டில் பாடி முடித்தாள்.

வரம்பு மீறியதாக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது; விளக்கம் கேட்டிருந்தார்கள். மறுபடியும் செய்வேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு வருடம் ஆகிறது. இப்போதும் கோப்பில் பார்த்ததை எழுதி, ஓரத்தில் என் பெயரைப் போடுகிறேன். கோப்பில் உள்ள படிவத்தில் செவிலி கையெழுத்துக்கு இன்னும் கட்டம் இல்லை.