அம்மாவுக்குப் பின்னக் கணக்கு வராது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் நான்தான். ஆகவே இதை எழுதுகிறவளை நீங்கள் முழுக்க நம்பிவிடாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘மாலை ஆறு மணி வெயில் சன்னல் வழியாக மேசை மீது...’ வேண்டாம். ஆறு மணிக்கு எங்கள் மேசை மீது விழுவது வெயில் அல்ல, கண்ணீர். (எழுதும்போதே நாடகமாகிவிட்டது. ஆனாலும் நோட்டு நனைந்தது உண்மை.)

2

எனக்கு எட்டு வயதில் ஒரு மகள். வீட்டில் அவளை வாண்டு என்போம். பள்ளியில் எல்லாப் பாடமும் வேறு மொழியில். வீட்டுப்பாடம் முடிந்ததும் அரை மணி நேரம் தமிழ் என்பது நான் போட்ட சட்டம். வீட்டுப்பாடம் முடிந்தால்தானே! தமிழை முதலில் வைத்தால் கணக்கு பாதியில் நிற்கும். கணக்கை முதலில் வைத்தால் தமிழுக்கு வரும்போது தூங்கி வழிவாள். மூன்றாவது முறையாக ‘வீட்டுப்பாடம் முடிக்கவில்லை’ என்று டீச்சர் எழுதி அனுப்பியதும் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“ஒரு வருஷம் தமிழ நிறுத்தி வைப்போம். பாவம், புள்ள எவ்வளவுதான் தாங்கும்?”

ஒரு வருடம் நிறுத்தினால் அப்புறம் திரும்பி வராது. எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கே மகளிடம் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

“எனக்கு இந்தப் பின்னக் கணக்கே புரிய மாட்டேங்குது.* நீ தமிழ்ல சொல்லித் தரியா?”

* நான் மருந்தாளுநர். அரை மாத்திரை, கால் மாத்திரை என்று நாள் முழுக்க அளவு சொல்வதுதான் என் பிழைப்பு.

3

இதை எழுதக் கை பரபரக்கிறது! முதல் நாள் ‘ஆமா’, ‘இல்ல’, அவ்வளவுதான். இரண்டாம் வாரம்:

“ஐயோ அம்மா, எத்தன தடவ சொல்றது? கீழ இருக்குறது மொத்தத் துண்டு. மேல இருக்குறது நாம எடுத்துக்கிட்டது!”

முழு வாக்கியம்! அதுவும் திட்டு! திட்டு வாங்கி இப்படிக் குதித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கணக்கும் தமிழும் ஒரே அரை மணியில். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தமிழை நிறுத்தும் யோசனையை வீட்டுக்காரர் கைவிட்டார்.

(இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அது கதையாக இருக்காது, பெற்றோருக்கு அறிவுரையாகிவிடும்.)

4

டீச்சரிடமிருந்து கடிதம்: உங்களுக்குப் பின்னம் வராது என்று மகள் கவலைப்படுகிறாள். புதன்கிழமை மாலை பெற்றோர் வகுப்பில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டேன். மகளும் கூட உட்காரலாம்.

“போ, போய் ஒழுங்கா படிச்சிட்டு வா,” என்று வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

போனேன். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்தேன். டீச்சர் என்னைத்தான் முதலில் போர்டுக்குக் கூப்பிட்டார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்ட வேண்டும். நான் விழித்தபடி நின்றேன். பள்ளி வாசலில் “தமிழ்ல பேசாதம்மா, எல்லாரும் பாக்குறாங்க” என்று என் கையை உதறுகிறவள், அத்தனை பேர் நடுவில் எழுந்து கத்தினாள்:

“அம்மா, பயப்படாத! ரெண்டையும் கீழ ஆறு வர்ற மாதிரி மாத்து. அப்புறம் மேல கூட்டு!”

சாக்பீஸைக் கையில் எடுத்தேன்.

5

முடிவு அ: ‘ஆறில் ஐந்து’ என்று சரியாக எழுதுகிறேன். ஆனால் அம்மா தேறிவிட்டால், நாளை முதல் அவள் யாருக்குச் சொல்லித் தருவாள்?

முடிவு ஆ: ‘ஐந்தில் இரண்டு’ என்று தப்பாக எழுதுகிறேன். தமிழ் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அவள் முகம்... இல்லை, இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

முடிவு இ: எல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். சினிமா! அவளுக்குத் தெரியாது. அதுதான் உறுத்துகிறது.

6

சரியாகவே எழுதினேன். அவள் கைதட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வரும் வழியில் கேட்டாள்:

“அடுத்து பின்னத்துல பெருக்கல் வருதும்மா. அது உனக்கு வருமா?”

“யோசிச்சு சொல்றேன்,” என்றேன்.

யோசித்துவிட்டேன். இந்தக் கதைதான் பதில். இதுவரை ‘நீங்கள்’ என்று நான் பேசிக்கொண்டிருந்தது உன்னிடம்தான், வாண்டு. இப்போது நீ எழுத்துக்கூட்டி ஒரு நாளைக்கு மூன்று வரி படிக்கிறாய். என்றாவது ஒருநாள் இந்த வரி வரைக்கும் நீயாகவே வந்துவிட்டால், என் பொய்க்கு இனி வேலை இல்லை. எனக்குப் பெருக்கல் வரும். உனக்குக் கோபமும் வரும், நியாயம்தான். கதையின் முடிவை நீதான் எழுத வேண்டும். கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். போதாவிட்டால் கேள், இன்னொரு தாள் தருகிறேன்.